கேட்டதற்கு மட்டும் பதில்

இன்ஸ்பெக்டர் மேடத்தை எனக்கு அறிமுகப்படுத்தியது ஆங்கிலம்தான். திருப்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். ஏற்றுமதி ஊர் என்பதால் இங்கே நடக்கும் சில குற்றங்களுக்குக் கடல் கடந்த தொடர்பு இருக்கும். ஏதோ ஒரு பனியன் கம்பெனியின் மெயிலைத் திருடி வெளிநாட்டு வாடிக்கையாளரை ஏமாற்றிவிடுவார்கள். அவர் தன் ஊர்ப் போலீஸில் புகார் கொடுப்பார். அது டெல்லிக்கு வந்து, சென்னைக்கு இறங்கி, கடைசியில் எங்கள் ஊர் சைபர் கிரைம் ஸ்டேஷனில் வந்து நிற்கும். இங்கே எடுக்கும் வாக்குமூலங்கள் தமிழில் இருக்கும். அவற்றை ஆங்கிலமாக்க நம்பிக்கையான ஆள் ஒருவர் வேண்டும் என்று கேட்டபோது, எங்கள் முதல்வர் என்னைக் கைகாட்டிவிட்டார்.

முதல் நாள் ஸ்டேஷனுக்குப் போனபோது மேடம் எனக்கு ஒரே ஒரு தாளைத்தான் கொடுத்தார். ஒரு பேக்கிங் செக்‌ஷன் பெண்ணின் வாக்குமூலம். சூப்பர்வைசர் சொன்னார் என்று எதிலெதிலோ கையெழுத்துப் போட்டிருக்கிறாள். தாள் பாதிக் கதையில் முடிந்துவிட்டது. மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டு, ஆர்வம் தாங்காமல், அப்புறம் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அது உங்க தாளுல இல்லீங்களே டீச்சர்" என்றார், சிரித்துக்கொண்டே.

எனக்குச் சுருக்கென்றது. நம்பி வேலை கொடுத்துவிட்டு இதென்ன பேச்சு என்று தோன்றியது. அதற்குள் டீ வந்தது. தன் டம்ளரை எனக்குத் தள்ளிவிட்டு, தான் ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு ஐம்பது வயதிருக்கும். நல்ல உயரம், அகலமான தோள், அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத தணிந்த குரல். காங்கேயம் பக்கம் தோட்டத்துக் குடும்பம்.

போகப் போகத்தான் புரிந்தது, அவர் யாரிடமும் அப்படித்தான். அவர் மேஜையில் எந்தக் காகிதமும் எழுத்து மேலே தெரியும்படி கிடக்காது. கம்ப்யூட்டர் திரையைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார். அதைப் பார்த்து வேலை செய்ய வேண்டிய ஸ்டேஷன் ரைட்டர், கழுத்து ஒரு பக்கமாகவே பிடித்துக்கொண்டது என்று என்னிடம் புலம்புவார். டீக்கடையில் பேசும்போது யார் பெயரும் அவர் வாயில் வராது. அந்தப் புள்ள, அவிநாசிக்காரர், கட்டம் போட்ட சட்டை, இப்படித்தான் சொல்வார். அவரைப் பற்றி எழுதும் நானும் அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை.

வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தால் என்னை உட்காரவைத்து மெதுவாகப் படிக்கச் சொல்வார். படித்து முடித்ததும் ஒரே கேள்விதான். "கேட்டது என்னங்க?" நான் சொல்வேன். அதற்கு மட்டும்தான் பதில் போகும். கூடவே தெரிந்த நாலு விஷயத்தையும் சேர்த்து எழுதிவிட்டால் அங்கே உதவியாக இருக்குமே என்று ஒருமுறை சொன்னேன். உதவியாத்தான் இருக்கும், யாருக்கு உதவியா இருக்கும்னு நமக்குத் தெரியாதில்லீங்களா என்றார்.

ஒரு நூல் மில்லின் ஹாஸ்டலிலிருந்து ஒடிசாப் பெண் ஒருத்தி காணாமல் போனாள். போனை வைத்துத் தேடச் சொல்லி அந்த வழக்கு மேடத்திடம் வந்தது. அவள் ஆதார் நகல் வேண்டும் என்று கேட்டதற்கு, அந்த மில்லின் எச்.ஆர். மேனேஜர் ஹாஸ்டலில் இருந்த எல்லாப் பெண்களின் நகல்களையும் ஒரு கட்டாகக் கொண்டுவந்து வைத்தார். மேடம் அதில் ஒன்றை உருவிக்கொண்டு மீதியைத் தள்ளினார்.

"மத்தவிங்களும் காணாமப் போயிட்டாங்களாங்க?"

மேனேஜர் அசட்டுச் சிரிப்போடு கட்டை எடுத்துக்கொண்டு போனார். நானும் அன்று சிரித்தேன்.

ஆனால் இந்தக் குணத்துக்காக அவர் கொடுத்த விலையைக் கேள்விப்பட்டபோது சிரிப்பு வரவில்லை. குன்னத்தூரில் அவருடைய அக்கா இருந்தார். அக்கா மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, பையன் யாரோடு பேசுகிறான், எங்கே போகிறான், போன் விவரத்தை எடுத்துப் பார்த்துச் சொல்லு என்று தங்கையிடம் கேட்டிருக்கிறார். ஊரில் பலரும் தெரிந்த போலீஸ்காரர்களிடம் சத்தமில்லாமல் கேட்டு வாங்கிக்கொள்வதுதான். இவர் முடியாது என்றுவிட்டார். கல்யாணம் நடந்தது. அந்தப் பையனுக்கு ஏற்கனவே சோமனூரில் ஒரு குடும்பம் இருந்தது பிறகுதான் தெரிந்தது. பெண் திரும்பி வந்துவிட்டாள். அக்கா அதற்குப் பிறகு இவரோடு பேசவில்லை.

பார்த்திருந்தால் தெரிந்திருக்குமா என்று கேட்டேன்.

"தெரிஞ்சிருக்குமுங்க" என்றார்.  "எங்கக்காவுக்குப் பாத்துக் குடுத்துட்டு, நாளைக்கு இன்னொருத்தன் வந்து ஒரு பொண்ணப் பத்திக் கேட்டா என்னன்னு சொல்லி அனுப்பறதுங்க?"

அந்தப் பதிலில் நியாயம் இருந்தது. ஆனாலும் அந்த அக்கா மகளை நினைத்தபோது எனக்குள் ஏதோ ஒட்டவில்லை. நான் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை.

அந்தக் கடிதம் வந்தது மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில். ஐரோப்பாவில் ஒரு நாட்டின் போலீஸ் எழுதியிருந்தது. அங்கே வேலை பார்க்கும் ஒரு தமிழர், தன் மனைவியும் மகளும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்கள், உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியவில்லை என்று புகார் கொடுத்திருக்கிறார். இருவரும் இந்தியா வந்தது பாஸ்போர்ட் பதிவில் தெரிகிறது, நேரில் பார்த்து நலமாக இருக்கிறார்களா என்று தெரிவிக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். மதுரைப் பக்கத்தில் இருந்த பெற்றோர் வீட்டில் விசாரித்ததில், அந்தப் பெண் திருப்பூரில் இருப்பது தெரிந்து, வெளிநாட்டுக் கடிதம் என்பதால் மேடத்தின் மேஜைக்கே வந்திருந்தது.

குழந்தைக்குத் தமிழ் அவ்வளவாக வராது என்று கேள்விப்பட்டதால் மேடம் என்னையும் கூட்டிப்போனார். சீருடையில் வரவில்லை. ஜீப்பும் எடுக்கவில்லை. என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, குடையை இரண்டு பேருக்கும் பிடித்துக்கொண்டு வந்தார்.

அனுப்பர்பாளையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு லைன் வீடு. ஒற்றை அறை. அந்தப் பெண் ஒரு பனியன் கம்பெனியின் சாம்பிள் பிரிவில் வேலை பார்த்தாள். முப்பது வயதுகூட இருக்காது. போலீஸ் என்று சொன்னதும் கதவை முழுதாகத் திறக்காமல், உடம்பால் மறைத்தபடி நின்றாள். உள்ளே மகள் வெட்டுத் துணித் துண்டுகளில் பேனாவால் மீன் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஏழு வயதிருக்கும்.

மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். உள்ளே வரவா என்றுகூடக் கேட்கவில்லை. எதற்காக வந்திருக்கிறோம் என்பதை முழுதாகச் சொன்னார். அந்தப் பெண் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள். பிறகு தன் இடது கையை நீட்டிக் காட்டினாள். இரண்டு விரல்கள் மடங்காமல் நீட்டியபடியே நின்றன. கணவன் கதவு இடுக்கில் வைத்து அழுத்தியது என்றாள். அடுத்தமுறை மகளின் கை என்று அவன் சொன்னானாம். அதற்குப் பிறகுதான் கிளம்பி வந்திருக்கிறாள்.

"நாங்க உசுரோட இருக்கோம்னு தாராளமாச் சொல்லுங்க மேடம். எங்க இருக்கோம்கிறது மட்டும் அவருக்குப் போயிரக் கூடாது" என்றாள்.

"போகாதுங்க கண்ணு. பாத்தேன், ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கன்னு எழுதுவேன். அதுதான் கேட்டிருக்காங்க. அதுக்கு மேல ஒரு எழுத்தும் போகாது."

மகள் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். இந்தப் போலீஸ் ஆன்ட்டி அப்பாவிடம் சொல்லிவிடுவாரா என்று ஆங்கிலத்தில், ரகசியமாகக் கேட்டாள். நான் மேடத்திடம் தமிழில் சொன்னேன்.

"சொல்ல மாட்டாங்கன்னு சொல்லுங்க டீச்சர்."

சொன்னேன். குழந்தை மேடத்தின் முகத்தைக் கொஞ்சம் ஆராய்ந்துவிட்டு, மீன் படம் ஒன்றை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தது.

அன்றே அறிக்கை தயாரானது. சின்ன அறிக்கை. இருவரையும் நேரில் பார்த்தேன், நலமாக இருக்கிறார்கள், தங்கள் இருப்பிடம் புகார்தாரருக்குத் தெரிவதை அந்தப் பெண் விரும்பவில்லை. கடைசியில் ஒரு வாக்கியத்துக்காக என்னை வெகுநேரம் உட்காரவைத்தார். இந்தத் தகவல் நீங்கள் கேட்ட காரணத்துக்கு மட்டுமே, வேறு யாருக்கும் தரக் கூடாது என்று வர வேண்டும். கண்டிப்பாகவும் இருக்க வேண்டும், மரியாதையும் குறையக் கூடாது. நான் எழுதிக் காட்டக் காட்ட, இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லோணுங்க என்றார். கடைசியில் அவருக்குத் திருப்தியாக ஒரு வாக்கியம் அமைந்தது. கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து அனுப்பினார்.

அது திரும்பி வந்தது. மேலிடத்தில், விவரம் போதாது என்றார்கள். முகவரி, போன் எண், வேலை பார்க்கும் கம்பெனி, குழந்தையின் பள்ளி எல்லாம் சேர்த்து அனுப்பச் சொன்னார்கள். மேடம் நேரில் போய் மேலதிகாரியிடம் பேசினார். அந்த அதிகாரி இளவயதுக்காரர், நல்ல மனிதர் என்றுதான் மேடமே சொன்னார். அவர் புரியவைக்கப் பார்த்திருக்கிறார். நாம் புருஷனிடமா கொடுக்கிறோம், போலீஸ் போலீஸுக்குக் கொடுக்கிறது. நாளைக்கு நமக்கு அவர்கள் தயவு வேண்டாமா?

"போலீஸுக்குக் குடுத்தா போலீஸ்கிட்டயே நிக்கும்னு அவிங்க எழுதிக் குடுப்பாங்களாங்க சார்னு கேட்டேன். அவர் அடுத்த ஃபைலை எடுத்துக்கிட்டாருங்க" என்றார் என்னிடம்.

விலாசத்தை ஏன் தர முடியாது என்று காரணம் காட்டி இன்னொரு பதில் எழுதினார். அதையும் நான்தான் ஆங்கிலமாக்கினேன். அதற்குப் பிறகும் சென்னையிலிருந்து நினைவூட்டல் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் நிலுவையில் இந்த ஒன்று நின்றது. அவர் அசையவில்லை.

அப்போதுதான் அவருக்குப் பித்தப்பையில் கல் என்று கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்தார்கள். புண் சீழ்பிடித்து, மறுபடி தைத்து, ஆஸ்பத்திரியிலேயே மாதக்கணக்கில் இழுத்துவிட்டது. விடுப்பில் இருந்த நாட்களில் பக்கத்து ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் ஒருவர் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டார். வேலை தேங்கினால் பிடிக்காத, சுறுசுறுப்பான மனிதர். ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். உடம்பை விசாரித்துவிட்டு, நல்ல செய்தி சொல்வது போலச் சொன்னார்.

"உங்க பெண்டிங் ஒண்ணு, அந்த வெளிநாட்டு மேட்டர், கிளியர் பண்ணியாச்சுங்க மேடம். ஃபைல மொத்தமா ஸ்கேன் பண்ணி மேல அனுப்பிட்டேன். இனிமே ரிமைண்டர் வராதுங்க."

மேடம் எழுந்து உட்காரப் பார்த்தார். தையல் இழுத்திருக்க வேண்டும், முகம் சுருங்கிவிட்டது. எப்போது அனுப்பியது என்று மட்டும் கேட்டார். அனுப்பி வாரங்கள் ஆகியிருந்தன. அந்த ஃபைலில் அவருடைய அறிக்கை மேலே இருந்தது. அதற்கடியில் விசாரணையின்போது குறித்துவைத்த முகவரி, போன் எண், கம்பெனி, பள்ளி எல்லாம் இருந்தன.

அந்தப் பெண்ணின் எண்ணுக்கு அடிக்கச் சொன்னார். போன் அணைக்கப்பட்டிருந்தது. டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், கார் பிடித்து, வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு அனுப்பர்பாளையத்துக்கு வந்தார். 

அறை பூட்டியிருந்தது. வீட்டுக்கார அம்மா வெளியே வந்தார்.

"போன வாரமே போயிட்டாங்கம்மா. வெளிநாட்டுல இருந்து அந்தப் புள்ளையோட ஊட்டுக்காரர்னு ஒருத்தர் கார்ல வந்தாருங்க. கூட ரெண்டு பேர். அவ வேலைக்குப் போயிருந்தா. நான் போன் பண்ணிச் சொன்னேன். ஊட்டுக்கே வரலீங்க. பள்ளிக்கூடத்துலருந்து புள்ளையக் கூட்டிக்கிட்டு அப்படியே போயிட்டா."

விலாசம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று மேடம் கேட்டார். பதில் அவருக்குத் தெரியாததில்லை. ஆனாலும் கேட்டார்.

வீட்டுக்கார அம்மா தயங்கினார். "அவர் கையில பேப்பர் வெச்சிருந்தாருங்க. உங்க கையெழுத்து, சீலு எல்லாம் இருந்துச்சு. போன்ல அதையுஞ் சொன்னேன். இன்ஸ்பெக்டரம்மா போட்ட கையெழுத்தான்னு கேட்டா. ஆமான்னேன். அதோட போனை வெச்சுட்டாளுங்க."

மேடம் அதே வாசற்படியில் உட்கார்ந்தார். நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். நானும் அருகில் உட்கார்ந்தேன். அந்தக் குழந்தைக்கு ஆங்கிலத்தில் உறுதி சொன்னது என் வாய்தான். எனக்கும் எழத் தோன்றவில்லை.

விஷயம் எப்படி நடந்தது என்று பிறகு தெரிந்தது. புகார்தாரர் என்ற முறையில் அவனுடைய வக்கீல் அந்த நாட்டுப் போலீஸிடம் நகல் கேட்டிருக்கிறார். அவர்கள் தங்கள் விதிப்படி கொடுத்துவிட்டார்கள். நாங்கள் அத்தனை நேரம் உட்கார்ந்து அமைத்த கடைசி வாக்கியம் அந்த நகலிலும் அப்படியே இருந்திருக்கும். மேடம் விளக்கம் கேட்டு எழுதினார். பதில் வந்தது. கடைசி வரியில், ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

"அசௌகரியம்னா, சேர் சரியில்லாம முதுகு வலிச்சாச் சொல்றதுதானுங்களே டீச்சர்?" என்று கேட்டார். ஆங்கிலத்தில் அது வழக்கமாகப் போடும் வரி என்று சொன்னேன். தலையாட்டினார்.

இதைவிட மோசமான ஒன்றையும் அவர் தாங்க வேண்டியிருந்தது. அந்தக் கணவன் ஸ்டேஷனுக்கே வந்தான். மடிப்புக் கலையாத சட்டை, பணிவான பேச்சு. உங்கள் அறிக்கையால்தான் இவ்வளவு தூரம் வர முடிந்தது, ரொம்ப நன்றி மேடம் என்று கை கூப்பியிருக்கிறான். இனி இருவரையும் கண்டுபிடித்துத் தர வேண்டும் என்றான். கோர்ட்டுக்குப் போய்க் கேளுங்கள், இங்கே கேட்காதீர்கள் என்று அனுப்பிவிட்டார். அதை என்னிடம் சொன்னபோது குரல் உயரவே இல்லை. ஆனால் அவன் நன்றி சொன்ன இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

மதுரைக்குப் போய் அந்தப் பெண்ணின் அப்பாவைப் பார்த்தார். தான் கொடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை மகளுக்குச் சொல்லிவிட்டால் போதும் என்றுதான் போனார். அவர் வாசலிலேயே நிறுத்தி, மகள் எங்கே என்று எங்களுக்கும் தெரியாது, தெரிந்தாலும் இனிமேல் போலீஸ்காரர் யாரிடமும் பேசுவதாக இல்லை என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

"அவர் சொன்னது சரிதானுங்க. அப்படித்தான் சொல்லோணும்" என்றார் மேடம், திரும்பி வந்து.

அந்தப் பக்கத்து ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் உள்ளபடியே உடைந்துபோயிருந்தார். கம்பெனியில் அவளோடு வேலை பார்த்தவர்களின் போன்களை வைத்தே புது எண்ணைப் பிடித்துவிடலாம், டவரைப் பார்த்தால் ஊர் தெரிந்துவிடும், நாம் போய் நேரில் விளக்கிவிடலாம் என்றார். அவர் சொன்னது மேடத்துக்குக் கைக்கெட்டும் வேலை. எத்தனையோ பேரை அப்படிக் கண்டுபிடித்தவர் அவர்.

"வேண்டாமுங்க" என்றார். "மறுபடியும் அவ இருக்கற ஊரு ஒரு காகிதத்துல வரும். அது எங்கெங்க போகும்னு இனி என்னால சொல்ல முடியாதுங்க."

ஓய்வு பெறும்வரை அவர் பழையபடிதான் இருந்தார். காகிதங்கள் கவிழ்ந்தே கிடந்தன. ஆனால் யாரிடமும் 'இது வெளியே போகாதுங்க' என்று சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டார். வாக்குமூலம் கொடுக்க வந்தவர்கள் கேட்டால், என்னால ஆனதைப் பண்றேனுங்க என்பார். அந்த மாற்றத்தை ரைட்டர்கூடக் கவனிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஆங்கிலமாக்கிக்கொண்டிருந்த எனக்குத் தெரிந்தது.

சில வருஷங்கள் கழித்து, விடைத்தாள் திருத்தும் வேலைக்காக வேறொரு ஊருக்குப் போயிருந்தேன். மத்தியான நேரம், பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். மகள் பள்ளிச் சீருடையில் பக்கத்தில் நின்று எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் கால்கள் தானாக அவர்களை நோக்கி நடந்தன. அவள் நிமிர்ந்தாள். முதலில் அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தெரிந்த கணத்தில் முகம் வெளுத்தது. மகளின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு, ஊர்ப் பலகையைக்கூடப் பார்க்காமல், நகர்ந்துகொண்டிருந்த ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

ஜன்னல் ஓரமாக ஓடினேன். மேடம் கொடுக்கவில்லை என்று கத்திவிடலாம். ஆனால் அவள் திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். சுற்றிலும் ஜனங்கள். என்னால் அந்தப் பெயரை அங்கே சொல்ல முடியவில்லை. பஸ் போய்விட்டது.

மேடத்துக்குப் போன் செய்தேன். அப்போது அவர் காங்கேயத்தில் தோட்டத்தோடு இருந்தார். இன்றைக்கு அவர்களைப் பார்த்தேன் மேடம் என்றேன். 

"எந்த ஊருன்னு சொல்லிப்போடாதீங்க டீச்சர்" என்றார்.

சொல்லவில்லை என்றேன்.

"புள்ள வளந்துட்டாளுங்களா?"

"வளர்ந்துட்டா மேடம். அம்மா தோளுக்கு வந்துட்டா."

நீங்கள் கொடுக்கவில்லை என்பதைச் சொல்ல முடியவில்லை, என்னைப் பார்த்ததும் பயந்து பஸ் ஏறிவிட்டார்கள் என்றும் சொன்னேன். 

"பயந்தது நல்லதுதானுங்க" என்றார். "என்னைத் திட்டிக்கிட்டாவது பத்திரமா இருக்கட்டும்."